வன்னியில் இளைஞர் அமைதிப்பணி: அரச ஆதரவைக் கேட்டு வாங்கும் வழி

நல்லிணக்கம் என்ற பெயரில் மேடை போட்டு, மும்மொழியிலும் பதாகை கட்டி, குழுப்படம் எடுக்க அரச பணம் பெறுவது அவ்வளவு கடினமல்ல. ஆனால் அடுத்த நாள் விடிய வாய்க்கால் கதவடியில் நடக்கும் சண்டையை அந்த மேடை நிறுத்தாது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டங்களில் ஊரோடு இருந்து உண்மையான பிணக்கு ஒன்றைக் குறைக்க விரும்பும் இளையோருக்குத் தேவையான பணம், இடம், கையொப்ப அதிகாரம் எல்லாம் அரச அலுவலகங்களில் இருக்கின்றன. அவை தானாக வீடு தேடி வருவதில்லை. எந்த மேசையில், எந்தக் காகிதத்தோடு, எந்த மாதத்தில் கேட்பது என்று தெரிந்தவர்களுக்கே கிடைக்கின்றன.

பிணக்கு முதலில், திட்டம் பிறகு

பல கழகங்கள் பிழைப்பது இங்கேதான். "நல்லிணக்கத்துக்குக் காசு வந்திருக்காம்" என்று கேள்விப்பட்டதும் திட்டம் எழுதத் தொடங்குகிறார்கள். எழுதி முடித்த பிறகே யாருக்கும் யாருக்கும் இடையில் நல்லிணக்கம் என்ற கேள்வி வருகிறது. மாறிச் செய்யுங்கள். உங்கள் கிராம அலுவலர் பிரிவிலும் பக்கத்துப் பிரிவுகளிலும் ஆட்கள் எதற்காக முறுகிக்கொள்கிறார்கள் என்று முதலில் எழுதுங்கள்.

வன்னியில் அந்தப் பட்டியல் பெரும்பாலும் இப்படித்தான் வரும். சிறுபோகத்தில் (கோடைகால நெற்செய்கையில்) வாய்க்காலின் தலைப்பகுதிக்காரருக்கும் கடைப்பகுதிக்காரருக்கும் தண்ணீர்ப் பிரச்சினை. ஒரே மைதானத்துக்கு இரண்டு விளையாட்டுக் கழகங்கள். 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து குடியேறி, இன்னும் காணிப் பத்திரம் கைக்கு வராத குடும்பங்களுக்கும் பழைய குடிகளுக்கும் இடையிலான மனக்கசப்பு. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, மன்னாரின் முசலியிலும் முல்லைத்தீவின் தண்ணீரூற்று, நீராவிப்பிட்டிப் பக்கமும் திரும்பி வந்திருக்கும் முஸ்லிம் குடும்பங்களின் காணி, வீட்டுத்திட்டப் பிரச்சினை. கொக்கிளாய், நாயாற்றுக் கரையில் பருவத்துக்கு வரும் தென்பகுதி மீனவர்களோடு கரைவலைப் பாடு பற்றிய தகராறு. வெலிஓயா எல்லையில் வயல்நிலம். கசிப்பு, கஞ்சா, வாள்வெட்டுக் குழுக்கள். கோயில் திருவிழாவில் யாருக்கு எந்த இடம் என்ற சாதிப் பிரச்சினை. இந்தக் கடைசி ஒன்றை மட்டும் எவரும் கூட்டத்தில் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். தனித்தனியாகக் கேட்டால்தான் வெளியே வரும்.

இதில் ஒன்றை மட்டும் எடுங்கள். தெரிவுசெய்ய மூன்று கேள்விகள் போதும். இரு பக்கத்திலும் உங்கள் வயதுப் பிள்ளைகள் இருக்கிறார்களா? முடிவெடுக்கும் அதிகாரம் பிரதேச செயலக மட்டத்துக்குள் இருக்கிறதா? ஆறு மாதத்தில் கண்ணால் பார்க்கக்கூடிய மாற்றம் ஏதாவது வருமா? மூன்றுக்கும் ஆம் என்றால் தொடங்கலாம். மைதானமும் வாய்க்காலும் பெரும்பாலும் இந்தச் சோதனையில் தேறும். இராணுவம் பிடித்திருக்கும் காணியும் காணாமல் ஆக்கப்பட்டோர் விடயமும் தேறாது, ஏனென்றால் அவற்றின் முடிவு கொழும்பில் இருக்கிறது. அதற்காக அவற்றைப் பற்றிப் பேசாமல் இருங்கள் என்று அர்த்தமில்லை. கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20 இல் போராடத் தொடங்கிய தாய்மாரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் உங்கள் கழகத்தில்தான் இருப்பார்கள். "பழசைக் கிளறாதீர்கள்" என்று நிபந்தனை போட்டு வரும் ஆதரவை மறுத்துவிடுங்கள். அந்த நிபந்தனையோடு செய்யப்படும் வேலை ஊரில் ஒரு பகுதியினரை முதல் நாளே வெளியே தள்ளிவிடும்.

தெரிவுசெய்த பிறகு இரண்டு இரண்டு பேராகச் சென்று ஒவ்வொரு பக்கத்திலும் குறைந்தது பத்து வீடுகளில் பேசுங்கள். ஒரு ஆணும் ஒரு பெண்ணுமாகப் போவது நல்லது, வீட்டுப் பெண்கள் பேச இடம் வரும். எப்போது தொடங்கியது, கடைசியாக என்ன நடந்தது, யார் சொன்னால் கேட்பார்கள், என்ன கிடைத்தால் அமைதியாவார்கள் என்ற நாலு கேள்வியும் போதும். தண்ணீர்ப் பிணக்கு என்றால் பயிர்ச்செய்கைக் கூட்டத்தின் தீர்மானத்தையும் பாருங்கள். குளத்து நீர்மட்டத்தைப் பார்த்து எத்தனை ஏக்கர் சிறுபோகம் செய்யலாம் என்று அங்கே முடிவாகும். அந்தக் கணக்கை மீறி விதைத்தவர்களால்தான் பல வாய்க்கால்களில் கடைப்பகுதி காய்கிறது. இது தெரியாமல் "இரு பக்கமும் விட்டுக்கொடுங்கள்" என்று கூட்டம் வைத்தால், விதிப்படி நடந்தவரைத்தான் விட்டுக்கொடுக்கச் சொன்னதாக முடியும்.

கழகம், பதிவு, வயது

அரசிடம் கேட்க ஒரு பெயரும் பதிவும் வேண்டும். இளையோருக்கு மிக எளிதான வழி தேசிய இளைஞர் சேவைகள் மன்றத்தின் கீழ் இளைஞர் கழகமாகப் பதிவது. 1979 ஆம் ஆண்டின் 69 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த மன்றம் இது. ஊர்க் கழகம், பிரதேச சம்மேளனம், மாவட்ட சம்மேளனம், தேசிய சம்மேளனம் என்று அடுக்காக இருக்கும். உங்கள் பிரதேச செயலகத்திலேயே இளைஞர் சேவை உத்தியோகத்தரின் மேசை உண்டு. அவரைச் சந்தித்து, பொதுக்கூட்டத்துக்கு நாள் குறித்து, அவர் முன்னிலையில் தலைவர், செயலாளர், பொருளாளர் தெரிவை நடத்துங்கள். அவர் இல்லாமல் நடந்த தெரிவை யாராவது ஒருவர் பிறகு ஆட்சேபித்தால் வேலை ஆறு மாதம் நின்றுவிடும்.

வயதைக் கவனியுங்கள், இதில் பலர் தடுக்கி விழுகிறார்கள். இளைஞர் கழக அங்கத்துவம் 13 முதல் 29 வயது வரை. 2014 தேசிய இளைஞர் கொள்கையில் இளைஞர் என்றால் 15 முதல் 29. ஐ.நா. பாதுகாப்புச் சபை 2015 டிசம்பர் 9 இல் நிறைவேற்றிய 2250 ஆம் இலக்கத் தீர்மானத்தில் 18 முதல் 29. உள்ளூராட்சித் தேர்தலின் இளைஞர் ஒதுக்கீட்டில் 18 முதல் 35. எனவே 31 வயதில் நன்றாக வேலை செய்யும் ஒருவரைச் செயலாளராகப் போட்டால் பதிவு திரும்பி வரும். அவரை ஆலோசகராக வையுங்கள். 18 வயதுக்குக் குறைந்தவர்கள் இரவு தங்கும் எந்த நிகழ்வுக்கும் பெற்றோர் ஒப்புதல் கடிதம் எடுங்கள்.

நிர்வாகத்தில் பிணக்கின் இரு பக்கமும் இருக்க வேண்டும், பெண்பிள்ளைகள் பெயருக்கு இல்லாமல் கையொப்பமிடும் பதவியில் இருக்க வேண்டும். ஒரே ஒழுங்கையின் பிள்ளைகளாகவே நிர்வாகம் அமைந்தால் மற்றப் பக்கம் அந்தக் கழகத்தை ஒருபோதும் தங்களுடையது என்று நினைக்காது.

ஐந்து பொருள்கள் முதல் மாதமே கையில் இருக்கட்டும்: கூட்ட அறிக்கைப் புத்தகம், அங்கத்தவர் பதிவேடு, பற்றுச்சீட்டுப் புத்தகம், காசேடு, இறப்பர் முத்திரை. வங்கிக் கணக்கு கழகத்தின் பெயரில், மூவரில் எந்த இருவரும் கையொப்பமிடும் வகையில் திறக்கப்பட வேண்டும். வங்கி கேட்பது பதிவுச் சான்றிதழ், யாப்பு, கணக்குத் திறக்கும் தீர்மானம் உள்ள கூட்ட அறிக்கையின் பிரதி, கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல். தலைவரின் சொந்தக் கணக்குக்கு ஒருமுறை அரச பணம் வந்தாலும் அதன் பிறகு ஊரில் எந்த விளக்கமும் எடுபடாது.

எந்த மேசைக்குப் போவது

விதானையாரிடம், அதாவது கிராம அலுவலரிடம், தொடங்குங்கள். அவருடைய சிபாரிசு இல்லாமல் மேலே போகும் கடிதம் திரும்ப அவரிடம்தான் வரும். அதன்பின் பிரதேச செயலகம். இளைஞர் சேவை உத்தியோகத்தரைத் தவிர விளையாட்டு உத்தியோகத்தர், கலாசார உத்தியோகத்தர், தேசிய ஒருமைப்பாட்டு வேலையைப் பார்க்கும் உத்தியோகத்தர் ஆகியோரும் அங்கே இருப்பார்கள். ஒவ்வொருவரிடமும் சிறிய ஒதுக்கீடு ஒன்று இருக்கக்கூடும். பெரிய தொகை ஒரே இடத்தில் கிடைப்பதைவிட, விளையாட்டு உபகரணம் ஒருவரிடமும் மண்டபம் ஒருவரிடமும் போக்குவரத்து ஒருவரிடமும் என்று சேர்த்து எடுப்பதே நடைமுறையில் கூடுதலாக நடக்கிறது.

மைதானம், பொதுநோக்கு மண்டபம், வாசிகசாலை, தெருவிளக்கு எல்லாம் பிரதேச சபையின் கையில். சபையின் குழுக்களில் உறுப்பினரல்லாத ஊரவர்களையும் சேர்க்கச் சட்டம் இடம் தருகிறது. தவிசாளரிடம் அதை எழுத்தில் கேளுங்கள். 2025 உள்ளூராட்சித் தேர்தலில் வேட்புமனுவில் 25 வீதம் இளைஞர் இருக்க வேண்டும் என்ற விதி இருந்தபடியால் சபைகளில் இளம் உறுப்பினர்கள் இருக்கிறார்கள், அவர்கள் வழியாகப் பேசுவது எளிது. ஆனால் ஒரு கட்சி உறுப்பினரை மட்டும் பிடித்துக்கொண்டு போகாதீர்கள், இரண்டு வெவ்வேறு கட்சிக்காரருக்காவது ஒரே நாளில் அறிவியுங்கள்.

தண்ணீருக்குக் கமநல சேவை நிலையமும் நீர்ப்பாசனத் திணைக்களமும் கமக்காரர் அமைப்பும். கடற்கரைக்குக் கடற்றொழில் திணைக்களமும் சங்கங்களும். எல்லை வேலி, கடன், சிறு கைகலப்பு போன்ற தனியாள் பிணக்குகளை 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் மத்தியஸ்த சபைக்கு அனுப்புங்கள். இளைஞர் கழகம் நீதிமன்றம் போலத் தீர்ப்புச் சொல்லப் போனால் அடுத்த நாளே நீங்களும் பிணக்கின் ஒரு பக்கமாகிவிடுவீர்கள். சிறுவர் துன்புறுத்தல், வீட்டு வன்முறை போன்றவற்றை எக்காரணம் கொண்டும் சமரசம் பேச எடுக்கக்கூடாது. சிறுவருக்கு 1929, பெண்களுக்கு 1938 என்ற இலக்கங்களுக்கு அறிவியுங்கள்.

மாவட்டம் தாண்டிய வேலைக்கு, உதாரணமாக வெலிஓயா அல்லது வவுனியா தெற்குச் சிங்கள இளையோரோடு சேர்ந்து செய்வதற்கு, தேசிய ஒற்றுமைக்கும் நல்லிணக்கத்துக்குமான அலுவலகம் இருக்கிறது. 2015 இல் தொடங்கி 2024 இல் தனிச் சட்டம் பெற்றது. கச்சேரி (மாவட்டச் செயலகம்) ஊடாகவே அதற்கு எழுதுங்கள்.

கொழும்பிலிருந்தோ இளைஞர் சேவைகள் மன்றத்தின் தலைமையகம் உள்ள மகரகமவிலிருந்தோ சிங்களத்தில் மட்டும் பதில் வந்தால் தயங்காமல் தமிழ் மொழிபெயர்ப்பைக் கேளுங்கள். அரசியலமைப்பின்படி வடக்கில் நிர்வாக மொழி தமிழ். நீங்கள் தமிழில் எழுதித் தமிழில் பதில் பெறுவது சலுகையல்ல, உரிமை. சகவாழ்வு பற்றிய கடிதமே விளங்காத மொழியில் வந்தால் அதைச் சொல்லிக் காட்டுவதும் இந்தப் பணியின் ஒரு பகுதிதான்.

கடிதம்

ஒரு பக்கம் போதும். பொதுவான வார்த்தைகள் எழுதினால் பொதுவான பதில்தான் வரும். இந்த மாதிரியைப் பாருங்கள்:

"எமது பிரிவின் பொது மைதானத்தை இரு விளையாட்டுக் கழகங்கள் பயன்படுத்துகின்றன. கடந்த ஆறு மாதங்களில் மூன்று தடவை கைகலப்பு நடந்து, ஒன்று பொலிஸ் முறைப்பாடு வரை சென்றுள்ளது. இரு கழகங்களிலிருந்தும் தலா ஆறு பேரைக் கொண்ட பயன்பாட்டுக் குழுவை அமைத்து, வாராந்த நேர அட்டவணையொன்றை எழுத்தில் ஒப்புக்கொள்வதற்காக நான்கு கூட்டங்கள் நடத்தவுள்ளோம். தங்களிடம் கோருவது: நான்கு நாட்களுக்குக் கட்டணமின்றி மண்டபம், கூட்டத்தை நடத்தத் தெரிந்த உத்தியோகத்தர் ஒருவர், ஒப்பந்தத்தில் தங்கள் சாட்சிக் கையொப்பம், மைதான வேலிக்காகப் பிரதேச சபைக்குச் சிபாரிசு."

நாலு கோரிக்கையில் பணம் ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். பணமில்லாத கோரிக்கைகளுக்குப் பிரதேச செயலாளர் அந்த வாரமே ஒப்பமிடலாம். பணத்துக்குத் தனிக் கடிதம், செலவு மதிப்பீட்டோடு. 2250 தீர்மானம் எல்லா மட்டத்திலும் முடிவெடுப்பதில் இளையோரின் பிரதிநிதித்துவத்தைக் கூட்டும்படி அரசுகளைக் கோருகிறது என்று ஒரு வரி சேர்த்தால், உத்தியோகத்தருக்கு மேலிடத்துக்கு நியாயம் எழுத உதவும். இரண்டு பிரதி கொண்டுபோங்கள். ஒன்றில் திகதி முத்திரை குத்தி வாங்கிக் கோவையில் வையுங்கள். முத்திரை இல்லாத கடிதம் கொடுக்கப்படாத கடிதம்.

அரசின் நிதியாண்டு சனவரி முதல் டிசம்பர் வரை. அடுத்த ஆண்டுக்கு வேண்டியதை ஓகஸ்ட், செப்டெம்பருக்குள் கொடுங்கள். ஒக்டோபருக்குப் பிறகு ஒதுக்கீடு திடீரென்று விடுவிக்கப்பட்டு "டிசம்பருக்குள் முடிக்க வேண்டும்" என்று சொல்வதும் உண்டு. வன்னியில் அது அடைமழையும் காலபோக வேலையும் உள்ள காலம். அப்படி வந்தால் வெளி நிகழ்வை விட்டுவிட்டு, உபகரணம் வாங்குதல், மண்டபக் கூட்டம் என்று மாற்றிக் கேளுங்கள். பல இடங்களில் முதலில் நீங்கள் செலவழித்துப் பற்றுச்சீட்டுக் கொடுத்த பிறகே பணம் வரும். கடை உரிமையாளரின் பெயர், முகவரி, திகதி இல்லாத சிட்டைக்குப் பணம் கிடைக்காது. குறிப்பிட்ட தொகைக்கு மேல் மூன்று விலைமனு கேட்பார்கள், எவ்வளவுக்கு மேல் என்பதை வாங்க முன்னரே கணக்குப் பிரிவில் எழுதிக் கேளுங்கள். வட்டிக்குக் கடன் எடுத்து நிகழ்வு நடத்தாதீர்கள்.

நாளும் நிகழ்வும்

அறுவடைக் காலம், போரில் இறந்தவர்களை நினைவுகூரும் மே 18 ஐ ஒட்டிய வாரம், நவம்பர் 21 முதல் 27 வரையான மாவீரர் வாரம், வற்றாப்பளைப் பொங்கல், ஓகஸ்ட் 15 மடுத் திருவிழா, நோன்பு மாதத்தின் பகல்வேளை, உயர்தரப் பரீட்சை ஆகியவற்றைத் தவிருங்கள். மே மாத நடுவில் "நல்லிணக்க இசை நிகழ்ச்சி" வைக்கச் சொல்லி மேலிடத்திலிருந்து வந்தால் மறுத்து, வேறு திகதி கொடுங்கள். அந்த வாரம் ஊர் துக்கத்தில் இருக்கும்.

ஒரு நாள் கூட்டத்துக்கு 30 முதல் 40 பேர் அளவானது. கதிரைகளை வட்டமாகப் போடுங்கள், தலைமேசை வேண்டாம். அதிதிகளின் பேச்சு மொத்தம் 20 நிமிடம் என்று அழைப்பிதழிலேயே போட்டுவிடுங்கள். போடாவிட்டால் மங்கள விளக்கும் மாலையும் உரையுமாகவே பகல் பதினொன்றாகிவிடும். 40 பேருக்கு 45 சாப்பாட்டுப் பார்சல் எடுங்கள். முஸ்லிம் பிள்ளைகள் வந்தால் ஹலால் கடையில், வெள்ளிக்கிழமை என்றால் எல்லோருக்கும் மரக்கறி. பிற்பகல் 2.30க்கு முடியுங்கள். கடைசி பஸ் போன பிறகு முடியும் கூட்டத்துக்கு அடுத்த முறை பெண்பிள்ளைகளை வீட்டில் அனுப்பமாட்டார்கள், அவர்களுக்கு ஆர்வமில்லை என்று அறிக்கையில் எழுதுவது அநியாயம்.

சிங்கள இளையோரும் வந்தால் இரண்டு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். ஒருவர் 30 நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து செய்தால் சுருக்கத் தொடங்குவார், சுருக்கும்போது கசப்பான பகுதிதான் முதலில் போகும். பேசுபவர் இரண்டு வசனத்துக்கு ஒருமுறை நிறுத்த வேண்டும். இராணுவ, பொலிஸ் ஆட்களை மொழிபெயர்ப்புக்கு வைக்காதீர்கள், வாய் திறக்காத கூட்டமாகிவிடும்.

விளையாட்டு வைக்கிறீர்களா? ஊருக்கு ஊர் அணி இறக்கினால் இறுதிப் போட்டியில் அடிபாடு வர இடமுண்டு. சீட்டுக் குலுக்கி இரு ஊரும் கலந்த அணிகளாக்குங்கள். காசுப் பரிசு வேண்டாம். மூன்றாம் ஊர் நடுவர், பொழுதுபட முன்னர் முடிவு, மைதான வாசலில் மது இல்லை என்பதைப் பார்க்க இரு கழகத்திலிருந்தும் பெரியவர்கள் இருவர். ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதியை ஒரு வாரம் முன்பே எடுங்கள்.

நாலாவது கூட்டத்தில் உடன்பாடு எழுத்தில் வர வேண்டும்: யார், எந்த நாள், எத்தனை மணி, மீறினால் என்ன, எப்போது மீளாய்வு. இரு பக்கமும் விதானையாரும் கையொப்பமிட்டு, ஒரு பிரதி மண்டபச் சுவரில்.

பிள்ளைகளின் பாதுகாப்பு

வருகைத் தாளில் பெயர், ஊர், கையொப்பம் மட்டும் போதும். அடையாள அட்டை இலக்கமும் தொலைபேசியும் கேட்கும் கணக்குப் படிவத்தைத் தனியாக வைத்து, கணக்குப் பிரிவுக்கு மட்டும் கொடுங்கள். அந்தத் தாள் கைமாறிப் போனால், புனர்வாழ்வு பெற்று வந்த ஒருவரின் வீட்டு வாசலில் யாராவது விசாரிக்க வந்து நிற்பார்கள். யார் முன்னாள் போராளி, யாருடைய அண்ணன் காணாமல் போனவர் என்ற விபரத்தை எந்த அறிக்கையிலும் எழுத வேண்டாம். சிவில் உடையில் வந்து விபரம் கேட்டால் பெயரையும் அலுவலகத்தையும் கேட்டுக் குறித்து, செயலாளரிடம் அனுப்புங்கள். அதே நாளில் பிரதேச செயலாளருக்கு எழுத்தில் அறிவியுங்கள். அரச ஆதரவின் ஒரு பெரும் பயன் இதுதான்: பிரதேச செயலகத்தின் முத்திரையிட்ட அனுமதிக் கடிதம் கையில் இருந்தால் கேள்வி கேட்பவர் தொனி மாறும்.

படத்தை முகநூலில் போட முன்னர் படத்திலுள்ளவரிடம் கேளுங்கள். பிற இனத்தையோ மதத்தையோ பற்றிய கோபப் பதிவு கழகத்தின் பக்கத்தில் ஒருபோதும் வரக்கூடாது. இன, மத வெறுப்பைத் தூண்டுவதைக் குற்றமாக்கும் 2007 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்கச் சட்டமும் (ICCPR சட்டம்) 2024 நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் இருக்கின்றன, ஒரு பையனின் அரை மணி நேரக் கோபம் முழுக் கழகத்தையும் இழுத்துவிடும். பக்கத்துக்கு இரண்டு பொறுப்பாளர்கள் வையுங்கள்.

பதில் வராவிட்டால்

ஒரு மாதத்தில் நினைவூட்டல் கடிதம், அதன்பின் பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் சேர்க்கும்படி கோரிக்கை. அதற்கும் அசைவில்லை என்றால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். "இவ்வருடம் இப்பிரதேசத்தில் இளைஞர் நிகழ்வுகளுக்கும் நல்லிணக்க நிகழ்வுகளுக்கும் ஒதுக்கிய தொகை, செலவு, பயனடைந்த கழகங்களின் பட்டியல்" என்று திட்டவட்டமாகக் கேளுங்கள். ஏன் தரவில்லை என்று கேட்காதீர்கள், காரணம் கேட்டால் தட்டிக்கழிக்க வழி கிடைக்கும், ஆவணத்தைக் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்ற முடிவு வர வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதற்கும் பிறகு இரண்டு மாதங்களுக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு. விண்ணப்பத்தைக் கோபமில்லாமல், உத்தியோகத்தரிடம் முன்கூட்டிச் சொல்லிவிட்டுக் கொடுங்கள். அவரோடு அடுத்த ஆண்டும் வேலை செய்ய வேண்டியிருக்கும்.

30 வயதில் ஒருவர் விலகும்போது கழகமும் சேர்ந்து படுத்துவிடுவது வன்னியில் வழக்கமாகிவிட்டது. வெளிநாடு போகிறவர்களும் கொழும்புக்கு வேலைக்குப் போகிறவர்களும் அதிகம். எனவே ஒவ்வொரு பதவிக்கும் 20 வயதுக்குட்பட்ட உதவியாளர் ஒருவரை முதல் கூட்டத்திலேயே நியமியுங்கள். கையளிக்கும் நாளில் முத்திரை குத்திய கடிதப் பிரதிகள், கூட்ட அறிக்கை, காசேடு, சுவரில் ஒட்டிய உடன்பாட்டின் மூலப்பிரதி ஆகியவற்றை எண்ணி, பட்டியலிட்டு, இரு பக்கமும் கையொப்பமிடுங்கள். புதிய நிர்வாகத்தின் கையொப்பங்கள் வங்கியில் மாறும்வரை காசோலைப் புத்தகம் இளைஞர் சேவை உத்தியோகத்தருக்குத் தெரிந்த இடத்தில் பூட்டியிருக்கட்டும்.